எட்டரை மில்லிமீட்டர்

அவரை அலுவலகத்தில் எல்லோரும் டெம்பரரி என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே யாரோ சிவப்பு மையில் அப்படி எழுதிவைத்தார்கள். பெயர் நீளம், இது சுருக்கம், ஒட்டிக்கொண்டது. ஒருமுறை அவர் மனைவி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, எடுத்தவர் "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வைத்துவிட்டார். எடுத்தவர் பதினொரு ஆண்டாக அவருக்குப் பக்கத்து மேசைக்காரர்.

எங்கள் அலுவலகத்தின் வேலை ஆணை அச்சடிப்பது. நகரத்தின் பொதுப் பணியாளர்களில் யாருக்கு வேலை, யாருக்கு இடமாற்றம், யாருக்கு விடுப்பு என்பதெல்லாம் வெவ்வேறு இடங்களில் முடிவாகும். ஆனால் எங்கள் கட்டடத்தின் பின்னறையில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து தாளாக வெளியே வந்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. அந்தக் கம்ப்யூட்டர் மூன்று இரும்பு அலமாரி அளவுக்கு இருந்தது. அலுவலகத்தில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டதால் அதைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். "பெரியவர் இன்னிக்கு மெதுவா இருக்கார்" என்பார்கள். அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள். தூசிக்காக வைத்த விதி அது, காலப்போக்கில் மரியாதையாகிவிட்டது.

பெரியவர் சொல்வதைத் தாளில் அடித்துக்கொடுத்தது ஒரு பழைய அச்சு இயந்திரம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் டெம்பரரியை எடுத்தார்கள், மூன்று மாதத்துக்கு. எடுத்தபோது அவருக்கு இருபத்தேழு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. மூன்று மாதம் முடிந்ததும் ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு மறுநாள் புதிதாக எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவாரே என்ற முன்யோசனை. நான் சொல்லும் வாரம் வரையில் அவர் எழுபத்தொரு முறை வேலையிலிருந்து நின்று எழுபத்தொரு முறை சேர்ந்திருந்தார். நின்ற நாட்களிலும் வருவார். அன்று அவர் ஊழியர் இல்லை என்பதால் உள்ளே விடமாட்டார்கள். வெளிநடையில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, சுவருக்கு அப்பால் இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் மாறினால் எழுந்து ஜன்னல் வழியாகக் கத்துவார்: "அக்கா, நாடா சுருண்டுக்குது, நிறுத்துங்க!" சரியாக இருக்கும்.

அக்கா என்பது பெரியவருக்கு எதிரே உட்கார்ந்து இயக்கும் ஆபரேட்டர் அம்மா. நிரந்தரம். டெம்பரரியை விட ஆறு வயது மூத்தவர். இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டெம்பரரிக்கு ஒரு குணம். எது கோணலாக இருந்தாலும் நேராக்காமல் விடமாட்டார். சுவரில் சாய்ந்த கடிகாரம், ஒரு கால் ஆடும் நாற்காலி, சொட்டுகிற குழாய் எதையும் கடந்துபோக முடியாது. உறவினர் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் அவர்கள் கதவின் கீலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி என் மனைவியிடம் குறைப்பட்டிருக்கிறார். ஆனால் அலுவலக இயந்திரத்தில் ஒரே ஒரு கோளாறை மட்டும் அவரால் நேராக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தாளை இழுக்கும் பல்சக்கரத்தில் இரண்டு பல் தேய்ந்துபோய், ஒவ்வொரு பக்கத்தையும் அது இரண்டு வரி கீழே தள்ளித்தான் அடிக்கத் தொடங்கும். புதுச் சக்கரம் கேட்டு மூன்று முறை எழுதிக்கொடுத்தார். தற்காலிகப் பணியாளர் நிரந்தரத் தேவைகளைக் கோர முடியாது என்று மூன்று முறையும் பதில் வந்தது. பதிவறையில் இருந்தவன் நான் என்பதால் மூன்று பதில்களும் என் கை வழியாகத்தான் போயின.

அவரை நிரந்தரமாக்கும் கோப்பு தொடங்கி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. பதினான்கு முறை திரும்பி வந்தது. ஒருமுறை மேலட்டையின் நிறம் சரியில்லை என்று வந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எப்படியோ, அனுமதி கிடைத்துப் பெரியவரின் வயிற்றுக்குள் பதிவாகிவிட்டது. இனி அச்சாகி வர வேண்டியதுதான். ஒரே ஒரு நிபந்தனை: நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் ஆணை அச்சாகி, அதிகாரியின் கையெழுத்தும் தேதியும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமையோடு அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை அவர் எழுபத்திரண்டாவது முறையாக நிற்க வேண்டிய நாள். வயது கடந்தவரை மறுபடி எடுக்க விதி இல்லை. ஆகவே வியாழன் மாலை ஐந்து மணிக்குள் அந்தத் தாள் வந்தால் அவருக்கு அறுபது வயது வரை வேலை. வராவிட்டால் வெளிநடை பெஞ்சு கூடக் கிடையாது.

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் பழைய இயந்திரம் நின்றுபோனது. டெம்பரரி திறந்து பார்த்துவிட்டு, மூடி, மேலே ஒரு துணியைப் போர்த்தினார்.

புது இயந்திரம் இல்லாமல் இல்லை. வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. திறந்து வைக்க யாராவது பெரிய மனிதர் வர வேண்டும் என்பதற்காக மரப்பெட்டியோடு வெளிநடையில் வைத்திருந்தார்கள். அதன் மேல் நான்கு பூந்தொட்டிகள் இருந்தன. செவ்வாய்க்கிழமை தொட்டிகளை இறக்கிப் பெட்டியை உடைத்தார்கள். இயந்திரம் பளபளவென்று இருந்தது. கூடவே சோப்புப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது.

அந்தச் சின்னப் பெட்டி எதற்கு என்று டெம்பரரி கையேட்டைப் படித்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். பெரியவர் பேசுகிற பாஷை வேறு, புது இயந்திரத்துக்குத் தெரிந்த பாஷை வேறு. நடுவில் உட்கார்ந்து இந்தப் பெட்டி மாற்றிச் சொல்லும். நான் அதற்குத் துபாஷி என்று பெயர் வைத்தேன். துபாஷியின் முதுகில் அரிசி அளவில் எட்டு சுவிட்சுகள். எந்தக் கம்ப்யூட்டரோடு பேசப்போகிறதோ அதற்கு ஏற்ப ஒவ்வொன்றையும் மேலேயோ கீழேயோ தள்ள வேண்டும். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டோம். தங்கள் பொறியாளர் மூன்று வாரம் கழித்து வருவார் என்றார்கள்.

"மூணு வாரம் எதுக்கு சார்? அரை மணி நேரத்துல நான் வெச்சிடுறேன்" என்றார் டெம்பரரி.

அதிகாரி தலையை நிமிர்த்தினார். அவர் எங்கள் அலுவலகத்தின் தலைவர். பதவி உயர்வுக்கு இன்னும் ஏழு மாதம் காத்திருந்தவர். விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பார், கையெழுத்துப் போடும் தாளை மட்டும் படிக்கமாட்டார்.

"உத்தரவாதக் காலத்துல இருக்கிற இயந்திரத்த டெம்பரரி ஆளுங்க தொடக்கூடாது. விதி இருக்கு."

"என்னை நிரந்தரமாக்குற ஆர்டரே இதுலதான் சார் வரணும்."

"வரட்டும். வந்த உடனே தொடுங்க. யாரு வேணாம்னா?"

"தொடாம எப்படி சார் வரும்?"

"அது தொழில்நுட்ப விஷயம்" என்றார் அதிகாரி. "அதுல நான் தலையிடமாட்டேன்."

புதன்கிழமை முழுக்க இதே பேச்சுதான். மாலை மூன்றே காலுக்கு ஒரு சமரசம் உண்டானது. அக்கா நிரந்தரம், அவர் தொடலாம். டெம்பரரி அறைக்கு வெளியே கால்மிதியடி வரை வரலாம். வாயால் சொல்வதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. அதிகாரி இரண்டு முறை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

வியாழக்கிழமை காலை பத்து ஐந்துக்குத் தொடங்கினார்கள். அக்கா கொண்டை ஊசியை உருவி எடுத்துக்கொண்டார். டெம்பரரி மிதியடி மேல் நின்றார். விரல்நுனி கூட நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கோப்புக்கும் அங்கே நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

"அக்கா, ஒண்ணும் ரெண்டும் வேகம். பெரியவர் மெதுவா பேசுறவர். ரெண்டையும் கீழ தள்ளுங்க."

"கீழன்னா தரையப் பாத்தா, என்னைப் பாத்தா?"

"பெட்டியில எழுதியிருக்கிற எழுத்து நேரா தெரியுதா?"

"தலைகீழாத் தெரியுது."

"அப்ப பெட்டியத் திருப்புங்க அக்கா!"

"கத்தாத தம்பி. ஊசி வேற வழுக்குது."

அச்சடித்துப் பார்த்தார்கள். தாள் முழுக்க அடைப்புக்குறியும் நட்சத்திரமும் ஆச்சரியக்குறியுமாக வந்தது. அதிகாரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா கறுப்பா விழுதே" என்று சொல்லிப் போனார்.

"மூணாவது அக்கா. எழுத்துக் கணக்கு. பெரியவருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கு, அது இப்ப யாரும் வெச்சுக்கற எண் இல்ல. மூணை மேல தள்ளினா பெட்டி பழைய எண்ணைப் புரிஞ்சுக்கும்."

மூன்றைத் தள்ளியதும் எழுத்து எழுத்தாக வந்தது. அரைப் பக்கம் வந்து நின்றுவிட்டது. பெரியவரின் திரையில் ஒரு வரி மினுமினுத்தது. அக்கா படித்தார்: "யார் நீன்னு கேக்குற மாதிரி இருக்கு தம்பி."

"அதுதான் நாலாவது. பெரியவர் நடுநடுவுல எதிர்ல இருக்கிறது யாருன்னு விசாரிப்பார். புது மிஷின் தன்னோட பேரச் சொல்லுது. அவருக்கு அந்தப் பேரு தெரியாது, அதனால பேச்ச நிறுத்திட்டார். நாலைத் தள்ளினா, நான்தான் அந்தப் பழைய மிஷின்னு பெட்டி பொய் சொல்லும்."

"பொய்யா?" அக்காவின் ஊசி அந்தரத்தில் நின்றது. "நான் தொட்டுப் பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா? நாளைக்கு யாராவது கேட்டா?"

"பெட்டிதான் சொல்லுது அக்கா, நீங்க இல்ல."

"ஊசி என்னோடதாச்சே!"

இதற்கு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. அவர் இருபது நிமிடம் யோசித்தார். பிறகு, இயந்திரம் எழுத்தில் கையொப்பமிட்டுப் பொய் சொல்லாத வரையில் ஆட்சேபம் இல்லை என்றார். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. சாப்பாட்டு நேரம். இரண்டே கால் வரைக்கும் யாரும் எதையும் தொடவில்லை. டெம்பரரி மட்டும் மிதியடியை விட்டு நகரவில்லை. மனைவி கட்டிக்கொடுத்ததை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

ஐந்தும் ஆறும் தாளின் நீளம். அதில் அக்கா ஒருமுறை ஐந்துக்குப் பதிலாக நான்கைத் தட்டிவிட, பெட்டி உண்மை பேசத் தொடங்கிப் பெரியவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார். அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு ஏழாவதுக்கு வந்தார்கள்.

"ஏழு எதுக்கு தம்பி?"

"பக்கத்தோட தலையில ரெண்டு வரி காலியா விட்டுட்டு அடிக்கணுமா, வேணாமான்னு கேக்குது."

"என்ன செய்ய?"

டெம்பரரி யோசித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் பன்னிரண்டு ஆண்டு எரிச்சல் ஓடி மறைந்தது. "வேணாம் அக்கா. பல்லு போன அந்தப் பழசுக்குத்தான் அந்த வியாதி. புதுசுக்கு எதுக்கு? மேல தள்ளுங்க. எங்க அடிக்கணுமோ அங்கயே அடிக்கட்டும்."

அக்கா தள்ளினார். எட்டாவது எதற்கென்று கையேட்டில் இல்லாததால் அதை விட்டுவிட்டார்கள். வெள்ளைத் தாளில் சோதனை செய்தார்கள். பக்கத்தின் முதல் வரி முதல் வரியிலேயே விழுந்தது. டெம்பரரி வாசலில் நின்று அந்தத் தாளை எட்டிப் பார்த்த பார்வையை நான் வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை, அவருடைய கல்யாணப் படத்தில் கூட.

பெரியவர் வரிசை மாற்றமாட்டார். காத்திருந்த முப்பத்தொரு விடுப்பு ஆணைகளும் முதலில் வந்தன. அவை வெள்ளைத் தாள், எல்லாம் பிழையில்லாமல் வந்தன. நான்கு நாற்பத்து மூன்றுக்கு, நியமன ஆணைக்கான படிவத்தைப் போடச் சொல்லித் திரையில் வந்தது. அது கட்டம் போட்டு முன்கூட்டியே அச்சடித்து வைத்த தனிப் படிவம். அக்கா ஒன்றை மாட்டினார். இருபது நொடியில் ஆணை வெளியே வந்தது.

"வந்திடுச்சு தம்பி!"

அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்திருந்தார். அக்கா தாளோடு ஓடினார். பின்னால் டெம்பரரி ஓடினார், அவருக்குப் பின்னால் நான் நடந்தேன். அதிகாரி தாளைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார், கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். நான்கு ஐம்பத்திரண்டு. "வாழ்த்துகள்பா. இனிமே நீ எங்க ஆளு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டெம்பரரி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. அனுப்புதல் பதிவேட்டை நான்கரை மணிக்கே மூடிவிடுவது என் வழக்கம்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார். மனைவி தாளைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாராம்.

"என்னங்க, ஆணை எண்ணுன்னு போட்ட கட்டத்துல உங்க பேரு இருக்கு."

"இருக்காது. நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். நியமிக்கப்படுபவர்னு இருக்கிற எடத்துல உங்க அதிகாரி பேரு இருக்கு. நியமிக்கும் அதிகாரின்னு இருக்கிற எடத்துல அச்சு இயந்திர உதவியாளர்னு இருக்கு. பதவிங்கிற கட்டத்துல ஒண்ணுமே இல்ல."

"கொடு இங்க."

"உங்களுக்கு வேலை கெடைச்ச மாதிரி தெரியலைங்க. நீங்கதான் உங்க அதிகாரிக்கு வேலை கொடுத்திருக்கீங்க. அதுவும் என்ன வேலைன்னு சொல்லாம."

அவர் தாளைப் பார்த்தாராம். ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய கட்டத்துக்கு ஒரு கட்டம் மேலே, இம்மி பிசகாமல் நேராக விழுந்திருந்தது. "மிஷின் தப்பு இல்ல" என்றாராம் முதல் வார்த்தையாக. மனைவி அதற்குச் சொன்ன பதிலை அவர் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரியின் அறையில் அக்காவும் டெம்பரரியும் நானும் நின்றோம். மேசையில் ஆணை இருந்தது. அதிகாரி அதை மூன்றாவது முறை படித்துக்கொண்டிருந்தார். கையெழுத்திட்ட ஒரு தாளை அவர் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வெள்ளைத் தாள்ல சரியா வந்ததே, படிவத்துல மட்டும் எப்படி ஒரு கட்டம் மேல போச்சு?" என்றார்.

சொல்ல வேண்டியவன் நான்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு முன், நியமன ஆணைகளில் எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே இரண்டு வரி இறங்கி விழுவதைக் கவனித்தேன். அளவுகோலை வைத்து அளந்தேன். எட்டரை மில்லிமீட்டர். யாரையும் தொந்தரவு செய்யாமல், அடுத்த படிவம் அச்சுக்குப் போனபோது எல்லாக் கட்டங்களையும் எட்டரை மில்லிமீட்டர் இறக்கச் சொல்லி எழுதினேன். அதன் பிறகு எழுத்து கட்டத்துக்குள் கச்சிதமாக விழுந்தது. இயந்திரத்தில் கோளாறு என்று அவர் மூன்று முறை எழுதிக்கொடுத்ததும் எனக்குத் தெரியும், படிவத்தை நான் இறக்கியதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கடிதங்கள் இயந்திரக் கோப்பில் இருந்தன, என் கடிதம் எழுதுபொருள் கோப்பில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எந்த ஆணையும் இல்லை.

டெம்பரரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

"இன்னொண்ணு அடிச்சிடுங்க" என்றார் அதிகாரி.

அக்கா தலையசைத்தார். "ஒரு எண்ணுக்கு ஒரு தடவதான் சார் வரும். மறுபிரதி வேணும்னா, முதல் தாள்ல கையெழுத்துப் போட்டவர் ஏன் படிக்காம போட்டார்னு மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக்கொடுக்கணும். மறுபிரதியில இன்னிக்குத் தேதிதான் விழும். இன்னிக்கு இவருக்கு நாற்பத்தஞ்சு வயசும் ஒரு நாளும்."

அதிகாரி தன் பெயரை, அது நியமிக்கப்படுபவரின் கட்டத்தில் உட்கார்ந்திருந்ததை, விரலால் தடவிப் பார்த்தார். ஏழு மாதத்தில் பதவி உயர்வு. இப்போது போய், படிக்காமல் கையெழுத்திட்டு நானே என்னை ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டேன் என்று எழுதுவதா?

"இந்தப் படிவம் இன்னும் எத்தனை இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"நாலாயிரத்து அறுபத்தஞ்சு சார். வருஷத்துக்குச் சராசரி முப்பத்தொண்ணு செலவாகுது. நூத்தி முப்பத்தோரு வருஷத்துக்கு வரும்."

"அப்ப அவ்வளவையும் வீணாக்க முடியாது" என்றார் அதிகாரி, முகம் தெளிந்து. "தப்பு ஆணையில இல்ல. அதை எப்படிப் படிக்கணும்னு சொல்லாம விட்டதுலதான் தப்பு."

அன்று பதினொன்றே முக்காலுக்கு ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. நானே நகலெடுத்தேன். நேற்றைய தேதி முதல், நியமன ஆணைப் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் காணப்படும் விவரம் அதற்கு அடுத்த கீழ்க் கட்டத்துக்கு உரியதாகவே படிக்கப்பட வேண்டும். கடைசிக் கட்டம் வெறுமையாக இருப்பது வெறுமையைக் குறிக்காது. மேல் விளிம்பில் தனியாக நிற்கும் எண், தனியாக நிற்பதாகக் கருதப்படக்கூடாது. மூன்று வாக்கியம். அந்த மூன்றால் டெம்பரரி நிரந்தரமாகிவிட்டார்.

அவர் நன்றி சொல்லவில்லை. "சார், ஒரு விஷயம்" என்றார். "ஏழாவது சுவிட்ச கீழ தள்ளினா எல்லாம் ரெண்டு வரி இறங்கிடும். இனிமே வர்ற ஆர்டர் எல்லாம் அததுக்கு உண்டான கட்டத்துல விழும். இப்பத்தான் நான் தொடலாமே. ஒரு நொடி வேலை."

அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தார்.

"விழட்டும். விழுந்தா சுற்றறிக்கை என்னாகும்?"

"எடுத்திடலாம் சார்."

"எடுத்தா உன் ஆர்டர் என்னாகும்?"

டெம்பரரி மேசையிலிருந்த ஆணையைப் பார்த்தார்.

"எல்லா ஆர்டரும் சரியா விழ ஆரம்பிச்ச அன்னிக்கு, உன்னோடது தப்பா விழுந்திருக்குன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் யாராவது வயசக் கணக்குப் பாப்பான். புரியுதா? அது அப்படியே இருக்கணும். அது அப்படியே இருக்கிறதப் பாத்துக்கறதுக்குத்தான் இனிமே நீ." இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "துபாஷியோட ஏழாவது சுவிட்ச மாத்தமாட்டேன், மாத்த விடமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போய் வேலையப் பாரு."

எழுத அவருக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. ஒன்றரை வரிதான். எழுதி முடித்ததும் மேசையில் கோணலாகக் கிடந்த பேனாத்தாங்கியை நேராக வைக்கக் கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் பார்த்தேன்.

அதன் பிறகு வந்த நியமனங்கள் எல்லாம் அப்படியே விழுந்தன. புதிதாக வேலை கிடைத்த ஒரு தோட்டக்காரர் ஆணையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "என் பேரு நம்பராயிருக்குதே, நான் எத்தனையாவது ஆளுங்க?" என்று கேட்டார். சுற்றறிக்கையைக் காட்டினேன். நம்பிக்கொண்டு போனார். அலுவலகத்தில் டெம்பரரியை இன்னும் டெம்பரரி என்றுதான் கூப்பிட்டார்கள். மாற்றிக் கூப்பிட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அவர் வீட்டில் மட்டும் ஆணையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் படித்துவிட்டு விழித்தால், அவர் மனைவி ஒரு கட்டம் கீழே தள்ளிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பாராம்.

ஐந்தாவது மாதம் நிறுவனத்திலிருந்து பொறியாளர் வந்தார். மூன்று வாரத்தில் வருவதாகச் சொன்னவர்தான். சுறுசுறுப்பான ஆள், மெல்லிய திருப்புளியோடு வந்திருந்தார். ஒரு நியமன ஆணையை எடுத்துப் பார்த்தார், துபாஷியைத் திருப்பிப் பார்த்தார், சிரித்தார்.

"அண்ணே, இது ஒரு கட்டம் மேல அடிக்குதே, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"ஏழாவது சுவிட்ச் தப்பா இருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? ஒரு நொடி வேலைண்ணே இது." திருப்புளி நுனி சுவிட்சைத் தொட்டது.

டெம்பரரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாகப் பிடித்தார் என்று அக்கா சொன்னார். நான் வாசலில் இருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை.

"கைய எடுங்க தம்பி."

"ஏண்ணே? இதுக்குப் பொறுப்பு யாரு?"

"நான்தான்."

"அப்புறம் சரி பண்ண வேண்டியதுதானே? பண்ணத் தெரியாதா?"

அவர் காது சிவந்தது. பதினெட்டு ஆண்டில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. பெரியவர் பேசும் பாஷை, தாளின் நீளம், நடுவில் கேட்கும் விசாரணை, அதற்குச் சொல்ல வேண்டிய பொய் எல்லாம் எதிரில் இருந்தவரை விட நன்றாகத் தெரிந்த மனிதர். அக்கா ஏதோ சொல்ல வந்தார். டெம்பரரி கண்ணால் தடுத்தார்.

"தெரியாது தம்பி" என்றார். "நீங்க கிளம்புங்க."

பொறியாளர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அட்டையில் எழுதி நகலைக் கிழித்துக்கொடுத்தார். அது பதிவறைக்கு, என்னிடம் வந்தது. இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. உதவியாளருக்குப் போதிய பயிற்சி இல்லை, ஒத்துழைக்கவும் இல்லை.

நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமே பணிப்பதிவேடு உண்டு. அவருடையதை நான் தொடங்கி ஐந்து மாதம் ஆகியும் முதல் பக்கத்தில் எதுவும் இல்லை. இது போன்ற குறிப்பு வந்தால் பதிய வேண்டும் என்பது விதி. எனக்கு அன்று மனம் வரவில்லை. அவரைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன். வேண்டுமானால் இது எங்கேயோ தொலைந்துபோகும் என்றேன். நாற்பத்தோரு ஆண்டுப் பணியில் நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அவர் அட்டையைப் படித்தார். ஒரு கட்டமும் நகர்த்தாமல், உள்ளபடியே படித்தார்.

"எழுதுங்க சார். நடந்ததுதானே?" என்றார்.

எழுதினேன். அவர் நின்று பார்த்தார். பிறகு ஏழாவது சுவிட்சின் மேல் ஒட்ட என் மேசையிலிருந்த ஒட்டுநாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, துபாஷி இருந்த அறைக்குள் போனார்.